வளவுக்குள் ஒரு மோட்டை: வாசகர் கேள்வியும் பதிலும்

மரத்தவளையின் நுரைக்கூடு பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, திருகோணமலைப் பாலையூற்றில் என் வீட்டு வளவில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்துவரும் மோட்டையை, அதாவது சிறு குளத்தைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு வந்த கடிதங்கள் இம்முறை இப்பகுதியின் இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. ஒரே பொருளைப் பற்றிக் கேட்டவற்றை ஒன்றாக்கி, கேட்டவரின் ஊரை மட்டும் குறித்துப் பதில் தருகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். வசதியாக வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது 'தோட்டந்துரவு உள்ளவர்' என்று இன்றும் சொல்கிறோம். துரவு என்பது தோட்டத்துக்குள் இறங்கி நீர் அள்ளத் தக்கதாகத் தோண்டப்பட்ட, கட்டுச்சுவர் இல்லாத கிடங்கு. குழாய்நீர் வந்த பின் துரவுகள் தூர்ந்துபோயின. அவற்றோடு தவளையும் தும்பியும் தங்கள் இடத்தை இழந்தன. உங்கள் கடிதங்களைப் படித்தபோது, அந்தச் சொல்லின் இரண்டாம் பாதி மீண்டும் வளவுக்குள் வரப்போகிறது என்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

எங்கள் வளவு இருபது பேர்ச் மட்டுமே. அதில் தவளை, தும்பி, குருவிகளுக்காக ஒரு சிறு குளம் அமைக்க முடியுமா? எப்போது, எப்படித் தோண்ட வேண்டும்?
(வாசகி, உவர்மலை)

தாராளமாக முடியும். 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் உள்ள முட்டை வடிவக் கிடங்கு போதும். ஆழம் நடுவில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டியதில்லை. உயிர்கள் பெரும்பாலும் கரையோரத்து ஒரு சாண் நீரிலேயே வாழ்கின்றன. ஆழமான நடுப்பகுதி அவற்றுக்கு வெயிலின்போது ஒதுங்கும் இடம் மட்டுமே. ஆகவே கரையின் சரிவில்தான் உங்கள் உழைப்பை அதிகமாகச் செலவிட வேண்டும். ஒரு பக்கமாவது, மூன்றடி நடந்தால் ஓரடி இறங்கும் அளவுக்குச் சாய்வாக இருக்கட்டும். அந்தச் சாய்வில்தான் குருவி குளிக்கும், தேரை முட்டையிட இறங்கும், தவறி விழுந்த ஓணான் ஏறித் தப்பும். எதிர்ப்பக்கத்தில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு படி வெட்டிவிட்டால், கோரையும் நீர்ப்பிரமியும் நிற்க இடம் கிடைக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். காலை வெயில் நான்கைந்து மணித்தியாலமாவது விழவேண்டும். பிற்பகலில் நிழல் கிடைத்தால் மிகவும் நல்லது. தென்னைக்குக் கீழே வேண்டாம், ஏனெனில் வேர் கீழிருந்தும் தேங்காய் மேலிருந்தும் விரிப்பைக் கிழிக்கும். மலசலகூடக் குழியிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் வளவு அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளி இருக்கட்டும்.

உவர்மலையில் மண்வெட்டி இறங்கும்போதே கல்லும் கிறவலும் தட்டுப்படும். தோண்டிய பின் கையால் தடவிப் பார்த்துக் கூரான கற்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, ஐந்து சென்ரிமீற்றர் கனத்துக்குக் குருமணல் பரப்பி, அதன் மேல் பழைய சாக்குகளை விரித்து, பிறகே பொலித்தீனை இறக்க வேண்டும். ஆயிரம் கேஜ் கறுப்புப் பொலித்தீனை இரண்டு மடிப்பாகப் போடலாம். எவ்வளவு வாங்குவது என்பதில் பலர் தவறுகிறார்கள். கிடங்கின் நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கையும் கரையில் மடித்துப் புதைக்க இருபுறமும் 30 சென்ரிமீற்றரையும் கூட்டுங்கள். மேலே சொன்ன அளவுக்கு அது 4.8 மீற்றர் நீளமும் 3.8 மீற்றர் அகலமும் கொண்ட விரிப்பாகும். பொலித்தீனின் எந்தப் பகுதியும் வெயிலில் தெரியக்கூடாது. தெரிந்த இடம் ஓரிரு ஆண்டுகளில் பொடிந்துபோகும். நீருக்குள்ளும் அதன் மேல் ஒரு சாண் அளவுக்கு உரம் கலவாத மணலையும் அடிமண்ணையும் பரப்பிவிட வேண்டும். தோட்டத்து மேல்மண்ணையோ எருவையோ போட்டால் நீர் மாதக் கணக்கில் பச்சையாகவே இருக்கும்.

கரையின் மட்டம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருப்பது அவசியம். மேசன்மார் பயன்படுத்தும் நீர் நிரப்பிய மட்டக்குழாயால் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணை நம்ப வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு விரல் தாழ்த்தி, நிரம்பி வழியும் நீர் வீட்டுக் கல்லுக்குப் போகாமல் வாழைப்பாத்திக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

எப்போது என்றால், ஆவணியிலோ புரட்டாதியிலோ தோண்டிவிட்டு மழைக்குக் காத்திருங்கள். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வந்துவிடுகிறது. நான் சொன்ன அளவுள்ள கிடங்கு ஏறக்குறைய 1,400 லீற்றர் கொள்ளும். 100 சதுர மீற்றர் கூரையில் 15 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,500 லீற்றர் நீர் பீலி வழியே ஓடிவரும். வாடைக்காற்றோடு வரும் ஒரு நல்ல மழையிரவு உங்கள் மோட்டையை நிரப்பிவிடும். முதல் மழை கூரையின் தூசையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவதால் அதை வெளியே விட்டு, இரண்டாம் மழையிலிருந்து உள்ளே திருப்புங்கள்.

ஏற்கெனவே சீமெந்துத் தொட்டி உள்ளவர்கள் அதையும் பயன்படுத்தலாம். புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும். நீர் நிரப்பி ஒரு வாரம் விட்டு இறைப்பதை மூன்று முறை செய்த பிறகே செடி வைக்க வேண்டும். செங்குத்தான சுவரில் விழுந்த உயிர் ஏற முடியாது. ஒரு மூலையில் அடியிலிருந்து விளிம்பு வரை கருங்கற்களை அடுக்கி ஏறுவழி செய்துவிடுங்கள்.

எங்கள் பகுதி முழுவதும் கடல்மணல். சென்ற ஆண்டு பொலித்தீன் விரித்துக் குளம் செய்தோம். மார்கழியில் விரிப்பு நடுவில் ஊதிக்கொண்டு நீருக்கு மேலே வந்துவிட்டது. கிணற்று நீரும் கோடையில் உவர்க்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், உப்புவெளி)

உங்கள் விரிப்பில் குறையில்லை. உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி போன்ற இடங்களில் மாரியில் நிலத்தடி நீர் மணலுக்குள் மிக அருகில் ஏறிவருகிறது. அந்த நீர் விரிப்பைக் கீழிருந்து தள்ளும்போது, மேலே உள்ள நீரின் பாரம் போதாவிட்டால் அது வயிறு ஊதியதுபோல் எழும்புகிறது. இந்த மாரியில் அதே இடத்துக்கு அருகே முழங்கை ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த மட்டத்துக்கு மேலேயே குளத்தின் அடி இருக்க வேண்டும். ஆழத்தை 40 சென்ரிமீற்றராகக் குறைத்து, தோண்டிய மணலைச் சுற்றிலும் வரம்பாக உயர்த்தி, அடியில் கருங்கல்லும் கனமான மணலும் பரப்பினால் மீண்டும் எழும்பாது.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அதிலே கூடுதல் விருப்பம். விரிப்பை முற்றாக எடுத்துவிடுங்கள். நம் மூத்தோர் மணலில் பூவல் தோண்டி நீர் எடுத்ததைப் போல, சாய்வான கரையோடு ஒரு பள்ளத்தை மட்டும் வெட்டிவிட்டால், மாரியில் நிலத்தடி நீரே அதை நிரப்பும், பங்குனி சித்திரையில் அது தானாக வற்றும். மழைத்தவளைகளுக்கு அந்தக் காலம் போதும்.

உவர்நீரைப் பற்றிக் கேட்டது மிக முக்கியமானது. வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. உவர்க் கிணற்று நீரை வாளி வாளியாக ஊற்றி மட்டத்தைக் காப்பவர், ஒவ்வொரு வாளியோடும் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறார். ஆடி மாதத்தில் அல்லியின் இலை விளிம்பு கருகினால் காரணம் இதுவாக இருக்கலாம். கிணற்று நீரை நாக்கில் வைத்தால் உவர்ப்புத் தெரியுமாயின் அதை ஊற்ற வேண்டாம். குழாய்நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஓரிரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பின் ஊற்றுங்கள்.

2017 ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் இருவர் டெங்குக் காய்ச்சலால் வைத்தியசாலையில் கிடந்தனர். அப்படிப்பட்ட ஊரில், வளவுக்குள் நீரைத் தேக்கி வைக்கும்படி எழுதுவது சரியா? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் என்ன சொல்வது?
(வாசகி, கிண்ணியா)

உங்கள் கேள்வியிலுள்ள கோபம் நியாயமானது. அந்த ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. ஆகவே உங்களுக்கு எழுதும் பதிலை நான் இலேசாக எழுத முடியாது.

டெங்கு நுளம்பு விரும்புவது, எதிரிகள் இல்லாத சிறு நீர். தயிர்ச் சட்டி, சிரட்டை, பழைய டயர், அடைத்துக்கொண்ட பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடியின் கீழ்த்தட்டு, பாவனையற்ற தொட்டி ஆகியவற்றில் அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டைகளை ஒட்டுகிறது. அம்முட்டைகள் நீரின்றி மாதக் கணக்கில் உலர்ந்து கிடந்தும் மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். பொரித்த குடம்பி ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களில் நுளம்பாகிப் பறந்துவிடும். மண்சரிவும் செடியும் உள்ள மோட்டையில் தும்பியின் குடம்பி, நீர்வண்டு, முதுகை அடியாக வைத்து நீந்தும் நீர்ப்பூச்சி ஆகியவை இராப்பகலாக வேட்டையாடுகின்றன. அங்கே விழும் நுளம்புக் குடம்பிகளிற் பெரும்பாலானவை பறக்கும் பருவத்தை அடைவதில்லை. இதை வைத்துக்கொண்டு 'என் குளத்தில் நுளம்பு வராது' என்று யாரும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. புதிதாக நிரம்பிய குளத்தில் வேட்டையாடும் பூச்சிகள் வந்து பெருகச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளி ஆபத்தானது.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் ஒரு வெள்ளைக் கோப்பையால் கரையோரத்தில் பத்து இடங்களில் நீர் அள்ளிப் பார்க்கிறேன். வெள்ளைப் பின்னணியில் குடம்பி தெளிவாகத் தெரியும். தொட்டால் நெளிந்து கீழே போகும், மூச்சுக்காக மீண்டும் மேலே வரும். ஒன்றிரண்டு தெரிந்தால் அரிதட்டால் வாரிவிடுகிறேன். அடுத்த வாரமும் தெரிந்தால், நுளம்புக் குடம்பிகளைக் குறிவைத்துக் கொல்லும் பீ.ரீ.ஐ. எனப்படும் பற்றீரியாக் கலவையை இடலாம். அது தவளையையும் தும்பியையும் தாக்குவதில்லை. அதற்கும் அடங்காவிட்டால் நீரை முழுவதும் இறைத்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, அந்தக் காலத்துக்குக் குளத்தை மறந்துவிட வேண்டும். அயலவரின் பிள்ளையைவிட நம் தவளை பெரிதன்று.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவில் நுளம்பு பெருகாமல் பார்க்கும் பொறுப்பை அங்கே குடியிருப்பவர் மீதே சுமத்துகிறது. ஆகவே தோண்டிய பின் பரிசோதகருக்கு விளக்கம் சொல்வதைவிட, தோண்டுமுன் அவரிடம் சென்று இடத்தைக் காட்டிப் பேசுவதே முறை. அவர் வேண்டாம் என்றால் தோண்ட வேண்டாம். அனுமதித்தால், கோப்பையால் பார்த்த நாளையும் கண்டதையும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது அந்தக் கொப்பியைக் காட்டலாம். வீட்டில் காய்ச்சல் வந்து மீண்ட உங்களுக்கு இது மனப்பாரமாக இருக்குமென்றால், குளமே வேண்டாம். ஒரு மண்சட்டியில் குருவிகளுக்கு நீர் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தும்பால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நீரை மட்டும் மாற்றினால் போதாது, ஒட்டிய முட்டை அங்கேயே இருக்கும்.

மீன் இல்லாத குளம் குளமா? மகன் தங்கமீனும் கப்பியும் விடவேண்டும் என்கிறான். திலாப்பியா விட்டால் சாப்பாட்டுக்கும் ஆகுமே என்கிறார் அயலவர்.
(வாசகர், தம்பலகாமம்)

மகனுக்கு மீன்தான் வேண்டுமென்றால் தனியாக ஒரு தொட்டி வைத்துக் கொடுங்கள். நானும் முதல் ஆண்டில் இந்தத் தவறைச் செய்தேன். நுளம்பைத் தின்னும் என்று இருபது கப்பிகளை விட்டேன். தை மாதத்துக்குள் அவை நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. அந்த மாரியில் தேரைகள் இரவு முழுவதும் கத்தி, கறுப்பு நூல்மாலைகளைப் போல முட்டையிட்டதைப் பார்த்தேன். வாற்பேய்களாக அவற்றில் மிகச் சிலவே மிஞ்சின. தும்பிகள் வந்து நீரில் வாலைத் தொட்டு முட்டையிட்டுப் போயின, ஆனால் ஆண்டு முடிவில் கோரைத்தண்டுகளில் ஒட்டியிருக்க வேண்டிய வெற்றுத்தோல் ஒன்றைக்கூட நான் காணவில்லை. அடுத்த ஆவணியில் குளத்தை வற்றவிட்டு அத்தனை மீன்களையும் பிடித்து அகற்றிய பின்னரே அது மறுபடி உயிர்பெற்றது.

தங்கமீன் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலங்கவைக்கும். மொசாம்பிக் திலாப்பியா 1952 ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களெல்லாம் பரவிய மீன். உங்கள் வளவிலிருந்து மாரி வெள்ளத்தில் வயல் வாய்க்காலுக்குப் போய்விடும். கண்ணாடித் தொட்டியைச் சுத்தமாக்க விற்கப்படும், 'டேங்க் கிளீனர்' என்று பிள்ளைகள் சொல்லும் மீனைக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ ஒருபோதும் விடாதீர்கள்.

பரிசோதகர் மீன் விடும்படி கட்டாயப்படுத்தினால், உங்கள் வயல் வாய்க்காலிலேயே மேல்நீரில் கூட்டமாகத் திரியும், தலையுச்சியில் வெள்ளிப்பொட்டு மின்னும் விரல்நீளங்கூட இல்லாத சிறு மீன்களைப் பத்து மட்டும் விடலாம். அவை நீர்மட்டத்தில் மேய்வதால் நுளம்புக் குடம்பியை நன்றாகத் தின்னும். செடி அடர்ந்த கரையில் வாற்பேய்களுக்கும் மறைவிடம் கிடைக்கும்.

கச்சான் காற்று தொடங்கியதும் குளம் நாளுக்கு நாள் வற்றுகிறது. எங்கோ ஓட்டை என்று நினைத்து இருமுறை விரிப்பை மாற்றிவிட்டேன். இம்முறையும் வற்றுகிறது. மனம் விட்டுப்போயிற்று.
(வாசகர், சாம்பல்தீவு)

விரிப்புக்குச் செலவழிக்குமுன் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் வீசும்போது, திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிமீற்றர் தாழ்கிறது. ஆறு என்று வைத்தால் நூறு நாளில் 60 சென்ரிமீற்றர். அதாவது நிரம்பிய குளம் ஓட்டையே இல்லாமல் முழுவதும் வற்றிவிடும். ஓட்டை உண்டா என்று அறிய, ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்தருகே வெயிலில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துவிட்டு ஐந்து நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்ந்தால் குற்றவாளி காற்று. குளம் மட்டும் பலமடங்கு தாழ்ந்தால், எந்த மட்டத்தில் வந்து நிற்கிறதோ அந்த மட்டத்தைச் சுற்றித் தேடுங்கள், ஓட்டை அங்கேதான் இருக்கும்.

இனி, உங்கள் மனவருத்தத்துக்கு வருகிறேன். வற்றுவது தோல்வி என்று யார் சொன்னார்கள்? இது வறண்ட வலயம். கந்தளாய்க் குளமே கோடையில் சுருங்கிக் கரையில் மாடு மேய்கிறது. வெருகல் பக்கத்து வில்லுகள் என்னும் ஆற்றோரத் தாழ்நிலக் குளங்கள் ஆண்டுதோறும் நிரம்பி ஆண்டுதோறும் ஒடுங்குகின்றன. இந்நாட்டுத் தவளையும் செடியும் அந்த ஒழுங்குக்குள் பிறந்தவை. கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் நீர் போன பின் காய்ந்த சேற்றுக்கடியில் கிழங்காகக் கிடந்து, முதல் மழைக்கு இலைவிடுகின்றன. ஐப்பசியில் வாடையோடு கூட்டங்கூட்டமாக வரும் பொன்னிறத் தும்பி, கடல் கடந்து ஆபிரிக்கா வரை பறக்கும் இனம். அது முட்டையிடத் தேடுவதே இப்படிப் புதிதாக நிரம்பிய, மீன் இல்லாத மழைநீரைத்தான். அதன் குடம்பி ஏறக்குறைய ஆறு வாரத்தில் வளர்ந்து பறந்துவிடும். ஆண்டு முழுவதும் நிறைந்து நிற்கும் குளத்தில் மீன் நிலைத்துவிடும். வற்றும் குளத்தில் நிலைக்காது. தவளைக்கு எது நல்லது என்று முந்தின பதிலைப் படித்தவர்களுக்கு நான் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. நான் பாலையூற்றில் குளத்தைப் பெரும்பாலான ஆண்டுகளில் ஆடியில் வற்றவிடுகிறேன்.

ஒரேயொரு கட்டத்தில் மட்டும் அதைத் தன்பாட்டில் விடக்கூடாது. நீர் ஒரு சாணுக்குக் கீழே இறங்கிச் சூடாகும்போது தும்பிக் குடம்பிகளும் நீர்வண்டுகளும் இறந்துபோகின்றன, அல்லது பறந்துவிடுகின்றன. எதிரியற்ற அந்தக் கடைசிச் சேற்றுநீர் நுளம்புக்கு வசதியாகிவிடும். அந்த மட்டம் வந்ததும் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்: நல்ல நீர் இருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று வாளி ஊற்றி ஒரு சாணுக்கு மேலேயே வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் இறைத்துக் கத்தரிப்பாத்திக்கு விட்டுவிடுங்கள். வற்றிய பின் பொலித்தீன் மேல் கிடக்கும் மண்ணை வெயிலில் வெறுமையாக விடாமல் தென்னோலையால் மூடிவைத்தால், கிழங்கும் காப்பாற்றப்படும், விரிப்பும் பிழைக்கும்.

எந்தச் செடிகளை வைக்கலாம்? ஆற்றுவாழை ஊதாப் பூவோடு அழகாக இருக்கிறதே.
(வாசகி, செல்வநாயகபுரம்)

அழகை நம்பி அதை வளவுக்குள் விடாதீர்கள். ஆற்றுவாழையைக் கட்டுப்படுத்த 1909 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1939 இல் வந்து சேர்ந்த, நீரில் மிதக்கும் களையான சல்வீனியாவும் அப்படியே நீர்ப்பரப்பை மூடிவிடும்.

நீருக்குள் வேலம்பாசி, மிதக்கும் இலைக்கு நெய்தல் அல்லது கொட்டி, படியில் கோரையும் நீர்ப்பிரமியும், ஈரக்கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் போதும். வல்லாரையைக் கறிக்கும் பறிக்கலாம். தாமரை இவ்வளவு சிறிய குளத்துக்குப் பெரிது. நாற்றுமேடைகளில் நீலோற்பலம் என்று விற்கப்படும் அடர்ந்த ஊதாப் பூ பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கலப்பினம். 1986 இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நம் நீலோற்பலத்தின், அதாவது நெய்தலின், பூ வெளிறிய நீலம். வயலோரத்தில் நெய்தல் உள்ள ஒருவரிடம் ஒரு கிழங்கு கேட்டு வாங்கி, வேரில் சல்வீனியாத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று அலசிப் பார்த்து நடுங்கள். இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடும்போது நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வீடு கோட்டைக்கு அருகில் இருக்கிறது. குளம் நிரம்பிய நாளிலிருந்து புள்ளிமான்கள் வேலியைத் தள்ளிக்கொண்டு வருகின்றன. துரத்துவதா, விடுவதா?
(வாசகர், திருகோணமலை நகர்)

பிரெட்ரிக் கோட்டையிலும் நகரத் தெருக்களிலும் மான் திரியும் இந்த ஊரில் இப்படியொரு கடிதம் வராவிட்டால்தான் வியப்பு. கோடையில் அவை சாக்கடை நீரைக் குடிப்பதையும் பொலித்தீன் பைகளை மெல்லுவதையும் பார்த்து வருந்தாதவர் நகரில் குறைவு. உங்கள் குளத்தில் நல்ல நீர் கிடைக்குமானால் குடித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் மானின் குளம்பு கூர்மையானது. அது மிதித்த இடத்தில் விரிப்புத் துளைபடும். சாய்வான பக்கத்தை அவற்றுக்கென்று ஒதுக்கி, அங்கே விரிப்பின் மேல் சாக்கு, அதன் மேல் மணல், அதன் மேல் உருண்டைக் கற்கள் என்று ஒரு சாண் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். மற்ற மூன்று பக்கங்களிலும் இடுப்பளவு கம்புவேலி போதும். அல்லியின் இளம் இலைகளை அவை மேயும். நடுவில் நட்டால் எட்டாது. கையால் உணவு கொடுத்துப் பழக்காதீர்கள், பாணும் பிஸ்கற்றும் அவற்றின் வயிற்றுக்குக் கேடு. பைகளையும் கயிறுகளையும் வளவில் கிடக்க விடாதீர்கள்.

மாமியார் குளம் என்றாலே பாம்பு என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது.
(வாசகி, மூதூர்)

மாமியார் சொல்வதில் உண்மை உண்டு. தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். பெரும்பாலும் வருவது நீர்ப்பாம்பு, கடிக்கும், நஞ்சில்லை. ஆனால் நாகமும் வரக்கூடும் என்பதை மறைத்து எழுத மாட்டேன். வாசலிலிருந்து பத்து மீற்றராவது தள்ளிக் குளத்தை அமையுங்கள். இடையில் விறகுக் குவியலோ ஓட்டுக் குவியலோ வேண்டாம். இரவில் ரோர்ச்சும் செருப்பும் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். யாருக்காவது கடிபட்டால் கட்டுப்போடாமலும் கீறாமலும், அசையவிடாமல் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குழந்தையைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. இரண்டு வயதுக் குழந்தை ஒரு சாண் நீரிலும் மூழ்கிவிடும், சத்தமும் கேட்காது. குழந்தைக்கு ஐந்தாறு வயதாகும் வரை பொறுத்திருங்கள். பொறுக்க முடியாதென்றால், பூட்டக்கூடிய படலையோடு தோளளவு வலைவேலி போட்ட பிறகே நீர் நிரப்புங்கள்.

மகன் வயலில் பிடித்த பாலாமையைக் குளத்தில் விட்டிருக்கிறான். என்ன உணவு கொடுக்கலாம்?
(வாசகர், தோப்பூர்)

உணவு தேட வேண்டாம். இந்நாட்டுப் பாலாமை இலங்கைக்கே உரிய இனம்; கோடையில் வயற்சேற்றுக்குள் புதைந்து உறங்கி, மழைக்கு வெளியே வருவது. உங்கள் கிடங்கில் பொலித்தீனுக்கு மேல் ஒரு சாண் மண்தான் இருக்கும், அது புதைய இடமில்லை. வாற்பேய்களையும் தின்று முடிக்கும். காட்டுயிரைப் பிடித்து வீட்டில் வைத்திருக்க வனசீவராசிகள் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. ஈரச்சாக்கில் சுற்றி, மகனையே கூட்டிக்கொண்டு போய், அவன் எடுத்த அதே வாய்க்காலில் வெயில் தாழ்ந்த பின் விடச்சொல்லுங்கள். மண்வெட்டி வேலை நடக்கும் வரம்பில் விடவேண்டாம். கோரை அடர்ந்த மறுகரையில் விடட்டும்.